பிரிந்த பிறகு போன பயணம்

அம்மாவும் அப்பாவும் பிரிந்து நான்கு மாதமான பிறகு நாங்கள் நான்கு பேரும் மெக்சிகோவுக்குப் போனோம். பயணத்தைப் பதிவு செய்தவன் தம்பி. முப்பத்தைந்தாவது கல்யாண நாளுக்குப் பரிசாக இருக்கட்டும் என்று, பிரிவு பற்றி எங்கள் யாருக்கும் எதுவும் தெரியாத ஒரு கோடை காலத்தில் அதைச் செய்திருந்தான். கடற்கரையோரத்தில் ஒரு சிறிய ஊர், பெப்ரவரிப் பாடசாலை விடுமுறையில் ஒரு வாரம். நான் கிழக்கு லண்டனில் கணிதம் படிப்பிப்பவள். அதனால் எங்கள் குடும்பத்தில் எது நடப்பதென்றாலும் பாடசாலை விடுமுறையைப் பார்த்துத்தான் நடக்கும்.

ஒக்டோபரில் அம்மா லண்டன் ரெய்னர்ஸ் லேனில் இருந்த எங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டார். சண்டை சச்சரவு எதுவும் இருக்கவில்லை. தென் லண்டனில் மிச்சம் என்ற இடத்தில், ட்ராம் நிறுத்தத்துக்குக் கிட்ட, ஒரு தமிழ்க் குடும்பம் வாடகைக்கு விட்டிருந்த மேல்மாடியில் ஓர் அறையும் குசினியும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இடத்தின் பெயரைச் சொன்னபோது தானே சிரித்தார்.

"மிச்சக் காலத்துக்கு மிச்சம்தான் சரி."

காரணத்தை நான் ஒருமுறைதான் கேட்டேன். அம்மா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். "முப்பத்தைஞ்சு வருசமாச் சமைச்சுப் போட்டனான். என்ர சாப்பாட்டுக்கு உங்கட அப்பா ரெண்டு சொல்லுத்தான் வச்சிருந்தவர். உப்புக் கூட, இல்லாட்டி உப்புக் குறைய. வேலைக்குப் போகேக்கை ஒரு நேரம்தான் அதைக் கேக்க வேணும். அவர் ஓய்வெடுத்தாப் பிறகு மூண்டு நேரமும் கேக்க வேண்டியதாப் போச்சு." அப்பாவிடம் கேட்டபோது, "அவவுக்கு என்னவோ யோசினை, நீ அவவைத்தான் கேக்க வேணும்" என்றார்.

பயணத்தை ரத்துச் செய்ய முடியாது என்று தெரிந்ததும் தம்பி இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான். "நான் ஏன் வராமல் நிக்க வேணும்? அவ வாறதெண்டா வரட்டும்" என்றார் அப்பா. "நான் கட்டாயம் வாறன். அவர் வந்தா அவற்ற பாட்டில இருக்கட்டும்" என்றார் அம்மா. மற்றவர் பின்வாங்குவார் என்று இருவருமே எதிர்பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். விமானத்தில் நானும் தம்பியும் நடுவில் இருந்தோம். அப்பா தட்டை வடைப் பையை என்னிடம் நீட்டினார். நான் இரண்டு எடுத்துக்கொண்டு பையை அம்மாவின் பக்கம் நீட்டினேன். அம்மா ஒன்று எடுத்தார்.

அறைகளை மாற்றிக்கொண்டோம். கடலைப் பார்த்த பெரிய அறை அம்மாவுக்கும் எனக்கும். தோட்டத்தைப் பார்த்த அறை அப்பாவுக்கும் தம்பிக்கும். பெரிய அறையின் கட்டிலில் துவாயை மடித்து இரண்டு அன்னம் செய்து, கழுத்தோடு கழுத்துச் சேர்த்து வைத்திருந்தார்கள். சுற்றிவரப் பூவிதழ்கள். அம்மா சிறிது நேரம் அவற்றைப் பார்த்தார். பிறகு ஓர் அன்னத்தைக் கழுத்தில் பிடித்து உதறிவிட்டு, "நல்ல தடிப்பான துவாய்" என்று சொல்லிக் குளிக்கப் போனார்.

ஊரில் ஒரு பெரிய தெருவும் அதை வெட்டும் சில மணல் ஒழுங்கைகளும் இருந்தன. தெருவின் ஒரு முனையில் படகுத்துறை, மறு முனையில் தேவாலயம். மதில்களில் பெரிய ஓணான்கள் அசையாமல் கிடந்து வெயில் காய்ந்தன. கடற்பாசி கரையொதுங்கி அழுகிய மணம் காலையில் இருக்கும். பத்து மணிக்குள் ஆட்கள் வந்து அதைத் தள்ளுவண்டியில் அள்ளிக்கொண்டு போவார்கள். அதன் பிறகுதான் கடற்கரை படத்தில் பார்த்ததுபோல ஆகும்.

முதல்நாள் மத்தியானம் சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு கொட்டிலுக்குச் சாப்பிடப் போனோம். சுவரில் எழுதியிருந்தது எதுவும் புரியவில்லை. தம்பி கைப்பேசியைத் தூக்கி மொழிபெயர்க்க முயன்றான். அது "நாய்ப் பற்கள்" என்று எதையோ காட்டியது. அதற்குள் அம்மா முன்னுக்குப் போய், பரிமாறிய பெண்ணோடு ஸ்பானிய மொழியில் பேசத் தொடங்கியிருந்தார். சரளமாக இல்லை, ஆனால் தயக்கமும் இல்லை. கையைக் காட்டிக் கேட்டார், தலையை ஆட்டினார், ஒருமுறை இருவரும் சிரித்தார்கள். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அம்மா, நீங்கள் எப்ப ஸ்பானிஷ் படிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"எங்க படிச்சது? பதினைஞ்சு வருசமா ஆஸ்பத்திரியில கொலம்பியாப் பெட்டையளோடதானே கிளீனிங் ஷிப்ட் செய்தனான். அவையள் இங்கிலிஷ் கதைக்க மாட்டினம். நான் என்ன, வாயை மூடிக்கொண்டே கூட்டுறது?"

"வீட்டில ஒருநாளும் சொல்லேல்லையே."

"வீட்டில ஆர் கேட்டது?"

அப்பா மேசையில் இருந்த உப்புக் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தது பன்றி இறைச்சி. வாழையிலையில் சுற்றி, நிலத்துக்கடியில் வேக வைத்து, நாராகப் பிய்த்திருந்தார்கள். பக்கத்தில் புளியில் ஊறிய சிவப்பு வெங்காயமும், சின்னக் கிண்ணத்தில் ஒரு மிளகாய்ச் சட்னியும். அந்த மிளகாயை அம்மா விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். கண் கலங்கியது. "கொச்சிக்காயெண்டா இது கொச்சிக்காய்" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார். நானும் தம்பியும் கை ஓயாமல் சாப்பிட்டோம். அப்பா சோள ரொட்டியை எடுத்து மணந்து பார்த்தார்.

"சுண்ணாம்பு மணக்குது" என்றார்.

அது உண்மைதான். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற வைத்துத்தான் அரைக்கிறார்கள். ஆனால் அப்பா ரொட்டியை வைத்துவிட்டார். அன்றும் மறுநாளும் அவர் அவித்த முட்டையும் வாழைப்பழமும் தட்டை வடையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வெளியே சாப்பிடும் பழக்கம் அவருக்கு என்றுமே இருந்ததில்லை. அம்மா போன பிறகு லண்டனில் அவர் என்ன சாப்பிட்டார் என்று நான் அப்போதுதான் யோசித்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் போன் எடுப்பேன். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டால் "ஓம்" என்பார், நானும் அத்தோடு விட்டுவிடுவேன்.

அம்மா ஒரு சைக்கிள் வாடகைக்கு எடுத்தார். முன்னால் கூடை வைத்த சிவப்புச் சைக்கிள். முதலில் கொஞ்சத் தூரம் ஆடியது, பிறகு நேராக ஓடியது. காலையில் நான் எழும்புவதற்கு முன்பே போய்விடுவார். வரும்போது கூடையில் ஏதாவது இருக்கும்: மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் தெளித்த மாங்காய்த் துண்டுகள், புளித்தண்ணீர்ப் பை, தேங்காய்ப்பூ போட்ட இளஞ்சிவப்பு இனிப்பு. எந்த வீட்டில் கோழி வளர்க்கிறார்கள், எந்தக் கடையில் ரொட்டி சுடச்சுட வரும், பாதிரியார் எத்தனை மணிக்குப் பூசை வைப்பார் என்பதெல்லாம் இரண்டு நாளில் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் என்னையும் தம்பியையும் காட்டுக்குள் இருந்த ஒரு நன்னீர்க் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நிலம் இடிந்து விழுந்து திறந்த ஆழக் கிணறு அது. படியிறங்கிப் போனால் தண்ணீர் பச்சைக் கண்ணாடிபோல இருக்கும். அம்மா கடைசிப் படியில் இருந்து கால்களை உள்ளே விட்டார். சின்ன மீன்கள் வந்து அவருடைய குதிக்காலைக் கொத்தின. தம்பி படம் எடுக்கப் போனபோது, "உந்தப் படத்தை அப்பாவுக்கு அனுப்பாதை" என்றார். தம்பி அனுப்பினான் என்று பிறகு தெரிந்தது.

அப்பா எங்களோடு வரவில்லை. படகுத்துறையில் மீன் வெட்டுமிடத்தில் நிற்பார். பெலிக்கன் பறவைகள் குடலுக்காகக் காத்து நிற்கும். அவரும் அவற்றோடு நிற்பார்.

மூன்றாம் நாள் மாலை ஹோட்டலிலேயே சாப்பிட்டோம். மணலில் மேசை போட்டிருந்தார்கள். நான்கு பேரும் ஒரே மேசையில்தான், ஆனால் அம்மாவும் அப்பாவும் எதிரெதிர் மூலைகளில். சாப்பாடு பாதியாக இருக்கும்போது கித்தாரோடு மூன்று பேர் எங்களை நோக்கி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பரிசாரகர் ஒருவர் மெழுகுதிரி கொளுத்திய கேக்கைத் தூக்கி வந்தார். கிரீமில் அம்மா, அப்பா பெயர்களும் நடுவில் ஓர் இதயமும். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. பதிவு செய்யும்போது கல்யாண நாள் என்று குறித்திருந்தான். அதை எடுத்துவிட மறந்துபோனான்.

அவர்கள் பாடினார்கள். நீளமான பாட்டு. மற்ற மேசைகளில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிக் கைதட்டினார்கள். நடுவில் பாடியவர் ஒரு கையை அப்பா பக்கமும் மறு கையை அம்மா பக்கமும் நீட்டினார். தனக்கு மரியாதை செய்கிறார்கள் என்று விளங்கியதால் அப்பா எழுந்து நின்றார். பாட்டு முடியும்வரை, தேசிய கீதத்துக்கு நிற்பதுபோல, கைகளைப் பக்கத்தில் வைத்து நின்றார். முடிந்ததும் பரிசாரகரிடம் ஆங்கிலத்தில் மிகத் தெளிவாகச் சொன்னார்:

"தேங்க் யூ. பட் வீ ஆர் ஃபினிஷ்ட்."

பரிசாரகர் தலையாட்டிவிட்டு அப்பாவின் பாதிச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மாதான் முதலில் சிரித்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சேலைத் தலைப்பைத் தேடி, கவுன் போட்டிருப்பது நினைவு வந்து, மேசைத் துணியால் வாயைப் பொத்தினார். தம்பியும் சிரிக்கத் தொடங்கினான். அப்பா தட்டு இருந்த இடத்தைப் பார்த்தார். "நான் அதைச் சொல்லேல்லை" என்றார் என்னிடம். அவருடைய வாயும் ஒரு பக்கம் இழுபட்டது. அம்மா எழுந்து கேக்கை வெட்டினார். பாடியவர்களுக்கு, பரிசாரகர்களுக்கு, பக்கத்து மேசைப் பிள்ளைகளுக்கு என்று எல்லாருக்கும் கொடுத்தார். ஊட்டிவிடும்படி யாரோ கத்தினார்கள். அம்மா ஒரு துண்டைத் தட்டில் வைத்து அப்பாவின் முன்னால் தள்ளிவிட்டார், மற்ற எல்லாருக்கும் கொடுத்ததுபோலவே. அவர் அதை முழுவதும் சாப்பிட்டார். பசியாக இருந்திருக்கும்.

மறுநாள் மத்தியானம் அப்பா அறைக்கு வந்தபோது அவருடைய கையில் புகை மணமும் மீன் மணமும் இருந்தன. "ஒரு இடம் கண்டுபிடிச்சிருக்கிறன். நாளைக்கு எல்லாரும் வாங்கோ" என்றார். அவர் எங்களை எங்காவது சாப்பிடக் கூப்பிட்டது என் நினைவில் அதுதான் முதல் தடவை. அம்மாவைப் பார்க்காமல்தான் சொன்னார். ஆனால் "எல்லாரும்" என்றார். அம்மா நகம் வெட்டிக்கொண்டிருந்தார். "போவமே" என்றார்.

கடற்கரையின் கடைசியில், தகரக் கூரைக்குக் கீழே, நான்கு பிளாஸ்டிக் மேசைகள். சமைத்தவர் அம்மாவின் வயதுப் பெண். முழு மீனை முதுகால் பிளந்து விரித்து, சிவப்பு விதை அரைத்த விழுதைப் புளித்தோடம்பழச் சாற்றில் குழைத்துப் பூசி, வாழையிலையில் வைத்து விறகு நெருப்பில் சுட்டார். அப்பா அந்தக் கடையின் பழைய வாடிக்கையாளர்போலக் கதிரைகளை இழுத்துப் போட்டார், எங்களுக்குக் கைகழுவும் இடத்தைக் காட்டினார். மீன் வந்ததும் கையால் பிய்த்தார். சுண்ணாம்பு மணந்த அதே ரொட்டியில் வைத்துச் சுருட்டிச் சாப்பிட்டார். மீன் அவ்வளவு நன்றாக இருந்தது. தோல் மொறுமொறுவென்றும் சதை ஈரமாகவும் இருந்தன, இலையின் மணம் மெதுவாகப் பின்னால் வந்தது.

அந்தப் பெண் இன்னொரு மீனைக் கொண்டுவந்து வைத்தபோது அப்பா அவரைக் கையால் மறித்தார். ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கினார், சொல் வரவில்லை. பிறகு அம்மாவிடம் திரும்பினார். நான்கு மாதத்தில் அவர் அம்மாவோடு நேரே பேசியது அப்போதுதான்.

"இஞ்சாரும், இவவுக்கு ஒருக்காச் சொல்லும். இவவின்ர கைக்கு ஒரு தனி ருசி இருக்கெண்டு. இப்பிடி ஒரு மீன் நான் சாப்பிட்டதே இல்லை எண்டு சொல்லும்."

அம்மா அவரைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து ஸ்பானிய மொழியில் சொன்னார். மெதுவாக, ஒரு சொல்லையும் விடாமல் சொன்னார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நடுவில் தன்னுடைய கையைத் தூக்கிக் காட்டினார். அந்தப் பெண் சிரித்து நெஞ்சில் கை வைத்து அப்பாவுக்கு நன்றி சொன்னார். அவர் நெருப்படிக்குத் திரும்பியதும் அம்மா ரொட்டியை வைத்துவிட்டு எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடலோரமாக நடந்தார்.

நான் பின்னால் போனேன். அலை கணுக்கால்வரை வரும் இடத்தில் நின்றார். அழவில்லை.

"என்னம்மா?"

"ஒண்டுமில்லை. உந்தச் சொல்லு அவருக்குத் தெரியுமெண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

அம்மா தொடர்ந்தார்: "தெரியாத மனுசன் எண்டு நினைச்சுத்தான் இவ்வளவு காலமும் இருந்தனான். சில பேருக்கு வாய் வராது, என்ன செய்யிறது எண்டு. பாத்தா வாய் இருக்கு."

திரும்பிப் போனபோது தம்பி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். அம்மா சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். சொல்ல வேண்டுமா என்று அப்போது யோசிக்கவில்லை.

"நல்லாயிருந்தது, சொன்னன். அதில என்ன பிழை?" என்றார்.

"அம்மாவுக்கு ஒருநாளும் சொல்லேல்லையே, அப்பா."

அவர் கையில் இருந்த முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "நல்லாயிருந்தாத்தானே சாப்பிடுறனான். அது அவவுக்குத் தெரியாதே?"

அவர் கைகழுவப் போய் நீண்ட நேரம் கழுவினார்.

அடுத்த நாள் அம்மா தனியாகச் சைக்கிளில் அதே கடைக்குப் போனார். ஏன் என்று கேட்டேன். "சாப்பிடாமல் பாதியில எழும்பிட்டன். அந்த மனிசியில என்ன பிழை? கவலைப்பட்டிருக்கும்" என்றார். ஒரு முழு மீன் சாப்பிட்டாராம். அப்பா அன்று படகுத்துறைக்குக்கூடப் போகவில்லை. அறை வாசலில் கதிரையைப் போட்டு, தம்பியின் கைப்பேசியில் பழைய கிரிக்கெட் ஆட்டம் ஒன்று பார்த்தார்.

விமான நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில் அம்மா யன்னல் பக்கம் இருந்தார், பக்கத்தில் நான். பஸ்ஸின் நடுவே நடக்கும் வழிக்கு மறுபுறம் அப்பா. ஊர் முடிந்து இரண்டு பக்கமும் காடாக ஓடத் தொடங்கியிருந்தது. அப்பா தொண்டையைச் செருமினார்.

"இஞ்சாரும்."

அம்மா திரும்பினார். நான் முதுகைச் சாய்த்து வழிவிட்டேன்.

"உம்மட மீன்குழம்பு அதைவிட நல்லம்."

அம்மா வெளியே பார்த்தார். ஒரு பாலத்தைக் கடக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "அதை அங்க வச்சே சொல்லியிருக்கலாம்" என்றார்.

"அங்க வச்சு யோசினை வரேல்லை."

"சரி. கேட்டுட்டன்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கொஞ்ச நேரத்தில் அம்மா நித்திரையாகிவிட்டார். அப்பா விமான நிலையம் வரும்வரை முன்சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இனி எல்லாம் சரிவரும் என்று தம்பி நம்பினான். லண்டனுக்கு வந்த பிறகு அப்பாவை மிச்சத்துக்குப் போகச் சொல்லி இரண்டு மூன்று தடவை தூண்டினான். அப்பா போகவில்லை, அம்மாவும் கூப்பிடவில்லை. நான் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது முழு உண்மை அல்ல. சில மாதங்கள் எதிர்பார்த்தேன். பிறகு அந்த எதிர்பார்ப்பு தானாகவே போய்விட்டது.

கோயிலில் பூசை முடிந்து வெளியே நிற்கும்போது, தெரிந்த பெண்கள் அம்மாவைப் பிடித்துக்கொள்வார்கள். "நீங்கள் ரெண்டு பேரும் இப்ப எப்பிடி?" என்று ஒருத்தி கேட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். "நல்ல சுகம். மெக்சிகோவுக்கும் போய் வந்தனாங்கள்" என்றார் அம்மா. கேட்டவளுக்கு அதை எங்கே வைத்துப் பார்ப்பது என்று தெரியவில்லை. பிரிந்தவர்கள் எந்த ஊரில் சேர்ந்து கடற்கரைக்குப் போவார்கள்? அதன் பிறகு கேள்விகள் குறைந்தன.

அப்பா சமைக்கப் பழகினார். வீடியோ பார்த்துப் பழகினார். முதலில் பருப்பு, பிறகு கோழி. ஒருமுறை எனக்கு ஒரு கிண்ணம் சொதி தந்துவிட்டு நான் குடித்து முடிக்கும்வரை மேசையடியில் நின்றார். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். "உண்மையாவோ?" என்று கேட்டார். உண்மையாகத்தான் என்றேன். இன்னொரு அகப்பை ஊற்றினார்.

போன வசந்தத்தில் அம்மா தன்னோடு வேலை செய்த இரண்டு கொலம்பியப் பெண்களோடு ஸ்பெயினுக்குப் போனார். விடியக்காலை விமானம். மிச்சத்திலிருந்து அந்நேரம் பஸ் பிடிப்பது கஷ்டம். நான் கார் ஓட்டுவதில்லை, தம்பி ஷிப்டில் இருந்தான். அப்பாவிடம் கேட்டுப் பார்க்கும்படி அம்மாவே சொன்னார். முதல்நாள் இரவு நான் மிச்சத்தில் தங்கினேன். அப்பா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து காருக்குள் காத்திருந்தார். அம்மா முன்சீட்டில் ஏறினார், நான் பின்னால். வழி முழுக்க வீதி வேலைகளைப் பற்றியும், அம்மாவின் கொதிகலன் திருத்த ஆள் வராததைப் பற்றியும் கதைத்தார்கள். தனக்குத் தெரிந்த ஒரு பெடியன் இருக்கிறான், அனுப்புகிறேன் என்றார் அப்பா. அனுப்புங்கோ என்றார் அம்மா.

விமான நிலையத்தில் அவர் பையை இறக்கி வைத்து, கைப்பிடியை இழுத்து நீட்டிக் கொடுத்தார். கண்ணாடிக் கதவுக்குள் நின்ற இரண்டு பெண்கள் அம்மாவைக் கண்டதும் கையசைத்துக் கூப்பிட்டார்கள். அம்மா பதிலுக்கு ஏதோ கத்திக்கொண்டே உள்ளே போனார்.

அப்பா காருக்குள் வந்து பெல்ட்டைப் போட்டார். "என்னவாம் சொன்னவ?" என்று கேட்டார்.

"எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, அப்பா" என்றேன். பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது. அவர் கையை உயர்த்திக் காட்டிவிட்டுக் காரை மெதுவாக வெளியே எடுத்தார்.